பதினொன்றாம் கட்டத்தில் ஒரு வியப்பு

வியாபாரம் படிக்க வேண்டுமானால் விமானம் ஏறியாக வேண்டும் என்று அந்த மேலாண்மைக் கல்லூரி கண்டுபிடித்து ஆறு வருடமாகிறது. அதற்கு முன் அங்கே படித்தவர்களெல்லாம் பேருந்தில் வந்து பேருந்தில் போன பாவிகள். அவர்களில் சிலர் கடை கண்ணி வைத்து நன்றாகவே பிழைக்கிறார்கள் என்று கேள்வி. கல்லூரி பெரிய மனது பண்ணி அதை மன்னித்துவிட்டது.

இப்போதெல்லாம் கடைசி வருடக் கோடை வந்துவிட்டால் துறைத்தலைவர் தலைமையில் மூன்று வாரம் அயல்நாடு. ‘பேராசிரியர் வழிநடத்தும் பன்னாட்டு வணிக அனுபவக் கோடைப் பயணம்’ என்று பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்குப் பாதி அனுபவம் அங்கேயே கிடைத்துவிடும்.

இந்த வருடம் கிளம்பியவர்கள் இருபத்து மூன்று மாணவர்கள், துறைத்தலைவர், ‘கலாச்சார ஆலோசகர்’ என்ற பதவியில் அவருடைய மனைவி, ‘ஆவணப் பதிவு ஒருங்கிணைப்பாளர்’ என்ற பதவியில் மனைவியின் தம்பி. தம்பிக்குக் கேமராவில் கைதேர்ந்த ஒரே வேலை, அதன் மூடியைத் தொலைத்துவிட்டுத் தேடுவது. மாமியாருக்கும் ஒரு பதவி தயாராக இருந்ததாம். முழங்கால் வலி குறுக்கே வந்ததால் கல்வியுலகம் அவரை இழந்தது.

மாணவர்களில் ஒருத்தி பேட்டரி. அப்பா வண்டி பேட்டரிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்ததால் வகுப்பு சூட்டிய பெயர் அது. அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஒன்றாம் தேதி மதிப்பெண் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலி அடுத்த ஆளுக்கு. மற்ற பாடங்களையெல்லாம் முடித்துவிட்டாள். பாக்கி இந்தப் பயணம் ஒன்றுதான். இதில் தவறினால் அடுத்த கோடையில்தான் மறுபடி விமானம்.

விமான நிலையத்தில் துறைத்தலைவர் எல்லோரையும் சக்கரப்பெட்டிகளின் மேல் உட்காரவைத்து, தோல்பையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். எண்பத்து நான்கு பக்கம். அட்டையில் தங்க எழுத்தில் ‘பயண அறிக்கை’.

“சார், இது போன வருஷத்து அறிக்கையா?” என்று கேட்டாள் பேட்டரி.

“இந்த வருஷத்துதும்மா.”

“நாம இன்னும் போகவே இல்லையே சார்?”

துறைத்தலைவர் கண்ணை மூடி, பொறுமையை எங்கிருந்தோ வரவழைத்தார். “தர மதிப்பீட்டுக் குழு ரெண்டு மாசம் முன்னாடியே அறிக்கை கேட்டாங்க. கேட்டா குடுக்க வேணாமா? குடுத்தாச்சு. படம் ஒட்ட மட்டும் இடம் விட்டிருக்கேன், இருபத்து மூணு கட்டம். ஆளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கோ அது நடக்கணும், அத நம்ம மச்சான் படம் எடுக்கணும். கட்டம் நிரம்பினா மார்க். நிரம்பலன்னா அடுத்த கோடையில பார்க்கலாம்.”

“அப்ப அனுபவம்…” என்று இழுத்தான் பின்னாலிருந்து ஒட்டகம். ஆறடி நாலு அங்குல மாணவன்.

“அனுபவம் யாருக்குப்பா வேணும்? அது வர்றதுக்கு வருஷக்கணக்காகும். ஆதாரம் உடனே வேணும்.”

இந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே அறிக்கையின் முகப்பில் அச்சடித்திருந்தார்.

பேட்டரிக்குக் கிடைத்தது பதினொன்றாம் கட்டம், பக்கம் அறுபத்தொன்று. வெள்ளைக் கட்டத்துக்குக் கீழே சாய்வெழுத்தில் இருந்தது: ‘அயல்நாட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி, நமது மாணவியின் யோசனையைக் கேட்டு வியக்கிறார்.’

வழியனுப்ப வந்த அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “என்ன யோசனைன்னு போடலையே?”

“அது முக்கியமில்லையாம்ப்பா. அவர் வியக்கணும்.”

“எங்கிட்ட வர்ற வண்டிக்காரன் எவனும் இதுவரைக்கும் வியந்ததில்லம்மா. சண்டைதான் போடுவான். பார்த்துப் போய்ட்டு வா.”

அயல்நாட்டில் முதல் பத்து நாட்கள் வருகைப் பதிவில் போயின. துறைத்தலைவருக்கு வருகைப் பதிவேடு உயிர். பேருந்தில் ஏறும் முன் ஒரு முறை, ஏறிய பின் ஒரு முறை, எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்பதைக் கொண்டாட ஒரு முறை. பங்குச் சந்தைக் கட்டடத்துக்குப் போனார்கள். வாசலில் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் சந்தை ஏறி, இறங்கி, மூடிவிட்டது. பதிவேட்டில் இருபத்து மூன்று பேரும் ‘வருகை’. அவர்கள் பார்த்த ஒரே பங்கு, வாசல் காவலாளி மெல்ல மெல்லத் தின்ற ரொட்டியில் அவர் நாய்க்குக் கொடுத்த பங்கு.

இடையிடையே கட்டங்களும் நிரம்பின. ‘நுகர்வோர் நடத்தையை மாணவர்கள் நேரில் ஆராய்கிறார்கள்’ என்ற ஐந்தாம் கட்டத்துக்காக, கலாச்சார ஆலோசகர் அம்மாள் ஏழு மாடிக் கடையில் ஒன்பது மணி நேரம் நுகர்ந்தார். இருபத்து மூன்று பேரும் பின்னால் மூட்டை சுமந்து ஆராய்ந்தார்கள். ‘உள்ளூர் மக்களோடு ஒன்றிணைதல்’ என்ற எட்டாம் கட்டத்துக்காகப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஆறு பேரைச் சுற்றிவளைத்து, தோளில் கை போட்டுச் சிரிக்கவைத்தார்கள். மைத்துனர் மூடியைத் தேடிய நேரத்தில் அந்த ஆறு பேருக்கும் மூன்று பேருந்துகள் தவறின. நாலாவது பேருந்து வந்தபோது அவர்களே ஓட மறந்து, “இன்னொண்ணு எடுக்கணுமா?” என்ற முகத்தோடு நின்றார்கள்.

மூன்றாம் கட்டம் ‘நெருக்கடி மேலாண்மை’. நெருக்கடி ஒன்று வேண்டுமே! ஒட்டகத்தின் கடவுச்சீட்டு தொலைந்துபோவது என்று முடிவாயிற்று. சும்மா ஒரு மணி நேரத்துக்கு. பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாளின் கைப்பைக்குள் அதை ஒளித்தார்கள். விஷயம் தெரியாத அம்மாள், பழைய பையைக் கொடுத்தால் புதுசு என்று ஒரு கடையில் பலகை தொங்கியதைக் கண்டு, பழசைக் கொடுத்துவிட்டுப் புதுப்பையோடு மலர்ந்த முகமாய் வந்தார். அப்புறம் நடந்த நெருக்கடியை யாராலும் மேலாண்மை செய்ய முடியவில்லை. தற்காலிகச் சீட்டு கிடைக்கும்வரை ஒட்டகம் தூதரகத்து வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து அழுதான்.

“அழுகை என்ன இயற்கையா வந்திருக்கு பாருங்க!” என்று துறைத்தலைவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூரித்தார். “போன வருஷம் இதே கட்டத்துக்கு வெங்காயம் வாங்க வேண்டியதாப் போச்சு.”

பதினெட்டாம் நாள் வரை பேட்டரியின் கட்டம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. தலைமைச் செயல் அதிகாரிகள் தெருவில் கிடைப்பதில்லை. தங்கியிருந்த விடுதி மேலாளரைக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் வியக்கத் தயார்தான், ஆனால் பல் மருத்துவரிடம் போய் வந்திருந்ததால் வாய் ஒரு பக்கம்தான் திறந்தது.

“கவலப்படாதம்மா,” என்றார் துறைத்தலைவர். “நாளைக்கு நம்ம கப்பல் சரக்கு நிறுவனம் இருக்கு. அறிக்கையில அதுக்கே பதினாலு பக்கம் குடுத்திருக்கேன். அங்க எப்படியும் ஒரு அதிகாரி வியப்பார்.”

“அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா சார்?”

“முகவரி இருக்கேம்மா!”

முகவரி இருந்தது. வேறொரு கல்லூரியின் அறிக்கையிலிருந்து எடுத்த முகவரி. அந்தக் கல்லூரி யாருடைய அறிக்கையிலிருந்து எடுத்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மறுநாள் காலை பேருந்து ஒரு நீளமான தகரக் கொட்டகை முன்னால் போய் நின்றது. சன்னல்கள் வழியே வெள்ளை வெளேரென்று நீராவி வந்துகொண்டிருந்தது. உள்ளே வீடு மாதிரி பெரிய இயந்திரங்கள் விரிப்புகளைப் புரட்டிப் புரட்டி அடித்துக்கொண்டிருந்தன. மலை மலையாய்த் தலையணை உறைகள், துண்டுகள். கப்பல் நிறுவனம் காலி பண்ணிக்கொண்டு போய் நாலு வருடமாகியிருந்தது. இப்போது அது ஊரிலுள்ள விடுதிகளுக்கெல்லாம் துணி வெளுக்கும் சலவைக்கூடம்.

“சார், இது லாண்டரி மாதிரி இருக்கு,” என்றான் ஒட்டகம்.

துறைத்தலைவர் ஒரே ஒரு கணம்தான் தடுமாறினார். “நிறுவனம் தன் தொழிலை விரிவாக்கியிருக்கு. பலகை மாறும்பா, தொலைநோக்கு மாறாது. வரிசையில நில்லுங்க, பேர் கூப்பிடணும்.”

வாசலிலேயே வருகைப் பதிவு, பதாகை விரிப்பு, வரவேற்புரை எல்லாம் நடந்தன. வரவேற்க வேண்டியவர்கள் யாரும் வராததால் துறைத்தலைவர் தம்மைத் தாமே வரவேற்றுக்கொண்டு, அதற்கு ஏற்புரையும் ஆற்றினார். சத்தம் கேட்டு, முழங்கால் வரை ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைகள் ஆவியில் வெந்து சிவந்திருந்தன.

“யாருங்க நீங்க? துண்டு திருப்பிக் குடுக்க வந்தீங்களா?”

பேட்டரிக்கு உயிர் வந்தது. “அக்கா, நீங்க நம்ம பேச்சா!”

“கல்யாணம் ஆகி இங்க வந்து முப்பது வருஷமாச்சும்மா. பேச்சு கூடவே வந்துருச்சு.”

“இங்க முதலாளி யாரும்மா?” என்று துறைத்தலைவர் முன்னே வந்தார்.

“நான்தான்.”

“இல்லம்மா, முதலாளி.”

“நான்தான் சார்.”

“அதாவது, இந்த எடத்துக்கு மேல, கையெழுத்துப் போடுறவர்…”

“கையெழுத்தும் நான்தான், கஞ்சி போடுறதும் நான்தான். என்ன விஷயம், சீக்கிரம் சொல்லுங்க. பத்தரைக்குள்ள ரெண்டாயிரம் விரிப்பு போகணும்.”

துறைத்தலைவர் அந்த ஏப்ரனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த நினைவுக் கேடயத்தை அரைமனதோடு நீட்டினார். அதில் ‘கப்பல் துறையின் சிங்கத்துக்கு’ என்று பொறித்திருந்தது.

“எனக்குக் கப்பல்னாலே தலை சுத்தும் சார்,” என்றார் அந்த அம்மாள். இருந்தாலும் வாங்கி, ஒரு துணிக்குவியல் காற்றில் சரியாமலிருக்க அதன் மேல் வைத்தார். மூன்று வாரத்தில் அந்தப் பயணக் குழுவால் உலக வணிகத்துக்குக் கிடைத்த முதல் பயன் அது.

துறைத்தலைவர் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே கப்பல் போக்குவரத்து பற்றி உரையாற்றத் தொடங்க, மைத்துனர் அவரைப் பதினாறு கோணங்களில் படமெடுக்கத் தொடங்கினார். பேட்டரி மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்தாள். அங்கே துணி இழுக்கும் பேட்டரி வண்டிகள் நாலு இருந்தன. இரண்டை ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்க்கா தள்ளுறாங்க?”

“அத ஏன் கேக்குற! காலையில ஓடும், மதியத்துக்குள்ள படுத்துரும். புதுசா மாத்தி எட்டு மாசம்கூட ஆகல. விக்கிறவன் வந்தா, ‘ஓட்டுறவங்க சரியில்ல’ன்னு சொல்லிட்டுப் போறான்.”

பேட்டரி குனிந்து ஒரு மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

“தண்ணி யாருக்கா ஊத்துறது?”

“ஞாபகம் வந்தவங்க ஊத்துவாங்க. குழாய்லதான். இங்க தண்ணிக்கா பஞ்சம்?”

“அதான்க்கா வினை. குழாய்த் தண்ணில இருக்குற உப்பு பேட்டரியத் தின்னுடும். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊத்தணும். அதுவும் முழுசா சார்ஜ் ஏறினதுக்கப்புறம். தகடு வெளிய தெரியவே கூடாது. இதுக்குன்னு ஒரே ஒரு ஆள வைங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டா யாரும் பார்க்கலன்னு அர்த்தம். இந்த ரெண்டு போச்சுக்கா, அந்த ரெண்டக் காப்பாத்திரலாம்.”

அந்த அம்மாள் மூடியைப் பார்த்தார், பேட்டரியின் முகத்தைப் பார்த்தார், சிவந்த கையைக் கன்னத்தில் வைத்தார். புருவம் நெற்றியின் உச்சிக்குப் போனது. வாய் தானாகத் திறந்தது. “அடியாத்தி! மூணு வருஷமா என் உயிர வாங்குது இது. தண்ணியா?”

பேட்டரிக்கு மின்சாரம் பாய்ந்தது. பதினொன்றாம் கட்டம் கண் முன்னால் நின்று வியந்துகொண்டிருந்தது! “அண்ணே! கேமரா! ஓடி வாங்கண்ணே!” என்று கத்தினாள்.

மைத்துனர் ஓடித்தான் வந்தார். ஆனால் மூடி போட்டிருந்தது. அதை எடுத்து எந்தப் பையில் வைப்பது என்று அவர் யோசித்து முடித்தபோது அந்த அம்மாளின் வாயும் மூடியிருந்தது.

பின்னாலேயே துறைத்தலைவர் வந்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “வாய் திறந்திருந்தாலும் செல்லாதும்மா. ஏப்ரன் போட்டிருக்காங்க. தலைமைச் செயல் அதிகாரின்னா பார்வைக்கே தலைமையா இருக்கணும். அப்புறம் என்ன யோசனை இது, தண்ணி ஊத்துன்னு? அறிக்கையில ‘விநியோகச் சங்கிலி மறுவடிவமைப்பு’ன்னு எழுதியிருக்கேன்.”

“ஆனா வண்டி ஓடும் சார்.”

“வண்டி ஓடுறதுக்கு நம்ம பாடத்திட்டத்துல மார்க் கிடையாது.”

இன்னும் இருபது நிமிடத்தில் பேருந்து கிளம்பும். மறுநாள் ஊருக்கு விமானம். பேட்டரியின் முகம் போன போக்கைப் பார்த்த அந்த அம்மாள், “என்னடா ராஜாத்தி?” என்று கேட்டார். அவள் ஒன்றாம் தேதியையும் கிடங்கையும் கட்டத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“இதுதானா? கோட்டு வேணுமா, கோட்டு? எங்கிட்ட இல்லாத கோட்டா!” என்றவர் உள்ளே போய், விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போன உடுப்புகளின் குவியலிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். யாரோ பெரிய மனிதனுடையது. தோள் இரண்டும் முழங்கைக்கு இறங்கின. அதைப் பார்த்ததும் துறைத்தலைவர் தம்மையறியாமல் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னார்.

“இப்ப மேடம்… வியங்க!”

அம்மாள் வாயைத் திறந்தார். கொட்டாவி மாதிரி இருந்தது. இன்னொரு தடவை திறந்தார். பல்வலி மாதிரி இருந்தது.

“புருவத்தத் தூக்குங்க மேடம். கண்ணு, கண்ணு! உலகத்தரத்துல ஒரு யோசனையக் கேட்ட மாதிரி!”

“ஒரு விஷயத்துக்கு ஒரு தடவதான் சார் ஆச்சரியப்பட முடியும். அது ஆயிப்போச்சே,” என்று அம்மாள் வருத்தப்பட்டார். “என்ன சொல்லணும்னாலும் சொல்லு பொண்ணு, முயற்சி பண்றேன்.” பேட்டரி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அம்மாள் தலையாட்டினார், சிரித்தார், ஒரு கட்டத்தில் கண் கலங்கவும் செய்தார். வியப்பு மட்டும் வரவில்லை. வெளியே ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார்.

பொறுமையிழந்த துறைத்தலைவர் அறிக்கையை விரித்து நீட்டினார். “மேடம், இங்க பாருங்க. நீங்க வியந்துட்டீங்கன்னு அச்சே ஆயிருச்சு. இனிமே நீங்க மாத்த முடியாது.”

“எப்ப அச்சாச்சு?”

“ரெண்டு மாசம் முன்னாடி.”

“நீங்க வந்தது?”

“இன்னிக்கு.”

அம்மாள் அறிக்கையை நெருங்கிப் பார்த்தார். “இருங்க சார். வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போனதா எழுதிட்டீங்களா? இங்க ஒரு சட்டை தப்பான பையில போனாக்கூட அந்த ஓட்டல்காரன் என்னக் கூப்பிட்டுக் காய்ச்சிருவான். உங்கள யாரும் கேக்க மாட்டாங்களா?”

“கேக்குறதுக்குன்னே குழு இருக்கும்மா. அவங்களுக்குத்தான் இந்த அறிக்கை.”

“அப்ப இத்தன புள்ளைங்களக் கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தது எதுக்கு?”

“அதுக்குத்தாம்மா படம்!” என்றார் துறைத்தலைவர் வெற்றிப் புன்னகையோடு. “புள்ளைங்க வரலன்னா, வந்தாங்கன்னு நாங்க எழுதினது பொய்யாயிடாதா?”

அம்மாளின் புருவம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கண்கள் அகன்றன. தாடை ஒரு இழுப்பறை மாதிரித் திறந்து அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக மைத்துனரின் கேமரா சரியான நேரத்தில் மூடியில்லாமல் இருந்தது.

ஊர் திரும்பிய நாலாம் நாள் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். நீள மேசை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு மாணவரும் தம் கட்டத்தின் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். குழுதான் மதிப்பெண் போடும். வாசலிலேயே துறைத்தலைவர் பேட்டரியின் காதில், “விநியோகச் சங்கிலி மறுவடிவமைப்பு. சொல்லு பாப்போம்,” என்று மூன்று முறை ஒப்பிக்கவைத்து உள்ளே அனுப்பினார்.

குழுத்தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறுபத்தொன்றாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். “இருபது வருஷமா நானும் படம் பார்க்குறேன். இப்படி ஒரு வியப்பப் பார்த்ததில்ல. என்னம்மா சொன்ன அவங்ககிட்ட?”

பேட்டரி வாயெடுத்தாள். விநியோகச் சங்கிலி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் ஒன்றாம் தேதி வேலை. ஆனால் படத்திலிருந்த அந்த அகன்ற கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லிவிட்டு அந்தக் கண்களை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

“நான் சொன்னதுக்கு இல்ல சார்,” என்றாள். “எங்க துறைத்தலைவர் சொன்னதக் கேட்டுத்தான் அவங்க இப்படி ஆயிட்டாங்க. அறிக்கைய முதல்ல எழுதி அச்சடிச்சுட்டோம், அப்புறம்தான் கிளம்பினோம்னு சொன்னாரு. அது கப்பல் கம்பெனியும் இல்ல சார், சலவைக்கூடம். அந்தக் கோட்டும் யாரோ மறந்துட்டுப் போனது. நாங்க எதையும் பார்க்கல. படம்தான் எடுத்தோம்.”

துறைத்தலைவரின் கையிலிருந்த பேனா உருண்டு போய் எங்கோ விழுந்தது. பேட்டரி கிடங்கின் நாற்காலியில் அடுத்த ஆள் உட்காருவதை மனதில் பார்த்துக்கொண்டாள்.

குழுத்தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவர் மூன்றாமவரிடம் முணுமுணுத்தார். பிறகு தலைவர் எழுந்து நின்றார்.

“துறைத்தலைவரே, இது உண்மையா?”

“அது வந்து சார்…”

“மத்த கல்லூரிக்காரங்க போய்ட்டு வந்து ஒரு வருஷமாகியும் அறிக்கை தர மாட்டேங்குறாங்க. நீங்க போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தந்திருக்கீங்க. முன்கூட்டித் திட்டமிடல்னு நாங்க தொண்டை வறளக் கத்துறமே, இதத்தான்! சலவையா கப்பலாங்குறது விவரம். விவரத்துக்குள்ள குழு போறதில்ல.”

அறையில் கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் மைத்துனர்.

“இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி,” என்று குழுத்தலைவர் தம் பெட்டியைத் திறந்து, தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டையில் தங்க எழுத்தில் ‘ஆய்வுக் குழு அறிக்கை’. “எங்களுக்கும் மேலிடத்துல அவசரம். போன மாசமே குடுத்துட்டோம். உங்க கல்லூரிக்கு முதல் தரம். ஒரு படம்தான் ஒட்டணும்.” அவர் புரட்டிக் காட்டிய பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. கீழே: ‘குழுவின் நேர்மையான தீர்ப்பைக் கேட்டு மாணவி ஒருவர் வியக்கிறார்.’ “எங்க, இந்தப் பக்கம் திரும்பும்மா.”

பேட்டரியை யாரும் புருவம் தூக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் சான்றிதழ் வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கே என்று அப்பா விசாரித்ததில், வாயை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கலாம் என்று குழு கருதியதாகத் தெரிந்தது.